ஆறு வருஷத்துக்குப் பூட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதப் போய் பேனா நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்பதோடு விடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு நடையைக் கூட்டுங்கள் என்றார், நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருகிறவனிடம் போய் நடக்கச் சொல்கிறாரே என்று உன் அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். சலூனில் மூன்றாவது நாற்காலி இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் ஏறமாட்டேன் என்கிறது, அதை நெட்டையர்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். குட்டி அனுப்பிய படம் வந்தது. அதில் தாடி வைத்திருப்பது நான்தான் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு எப்போது தாடி இருந்தது என்று கேட்டு எழுது.

நீ மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய், தம்பி ஏன் போனை எடுப்பதில்லை, மெசேஜுக்கு ஏன் ஒற்றை வார்த்தையில் பதில் போடுகிறான் என்று. முதல் தடவை பிராக்டிஸ் அதிகம் என்றேன், அடுத்த தடவை போன் ரிப்பேர் என்றேன், மூன்றாம் தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. மூன்றும் பொய். அவன் இப்போது வீட்டில் இல்லை. கிளப்பிலும் இல்லை. மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. பதறாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரோடும் சண்டை இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் பேசிக் கூட்டி வந்திருப்பேன். இதைப் போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தெரியாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, சவரக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நம் வீட்டில் புட்பால் பைத்தியம் பிடிக்காத ஒரே ஆள் நீ என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கும் விளங்கும். தம்பி பதினொரு வயதில் அந்தக் கிளப்பின் கேட்டுக்குள் போனவன். இப்போது இருபத்தெட்டு. ஆறு வருடமாக அவன் நம் டீமின் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பருக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை ஒரு தடவை கேட்டார், நான் பெருமையாக ஏதோ அளந்துவிட்டேன். உண்மையில் அது காத்திருக்கிற வேலை. ஓடி ஆடுகிறவன் களைத்தால் மாற்றுவார்கள், கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. முதலாமவனுக்குக் காய்ச்சல் வரவேண்டும், கை முறியவேண்டும், இல்லையென்றால் அவன் ஊரைவிட்டே போகவேண்டும். நம் முதலாமவனை ஊரே பூட்டு என்றுதான் கூப்பிடும், அவன் நின்றால் கோல் பூட்டின வீடு மாதிரி, ஒன்றும் உள்ளே போகாது. ஆறு வருடத்தில் அவனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. தம்பி மொத்தம் ஆடியது நான்கு மேட்ச். அதில் மூன்று யாரும் கவனிக்காத சின்ன மேட்ச். நான்காவது, பூட்டுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பின அன்று, பாதி மேட்ச். அந்தப் பாதியில் மூன்று கோல் விழுந்தது. மறுநாள் மத்தியானம்வரை சலூனுக்கு ஒரு ஆள் வரவில்லை, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்வது என்று அவர்களுக்குச் சங்கடம். கடைசியில் ரிட்டயர்ட் போஸ்ட்மேன்தான் வந்தார். பத்துப் பேரா ஆடினா யார் நின்னாலும் விழத்தான் செய்யும்ணே என்றார், அதற்குமேல் ஒன்றும் பேசாமல் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

போன சீசனோடு பூட்டுக்கு ஒப்பந்தம் முடிகிறது, பெரிய கிளப் ஒன்று அவனைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறது என்று ஆறு மாதமாகவே பேச்சு. அவனோடு, எஞ்சின் என்று கூப்பிடுகிற நடு ஆட்டக்காரனும், கோல் போடுகிற குட்டையனும் போய்விடுவார்கள் என்றார்கள். ஊர் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பஸ் டிப்போ சுவரில் போகாதே என்று மூன்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார்கள். பேக்கரிக்காரர் கடைக் கண்ணாடியில் பூட்டின் படத்தை ஒட்டி, ஒப்பந்தம் முடிய இன்னும் இத்தனை நாள் என்று கீழே தினமும் அழித்து அழித்து எழுதினார். என் கடையில் கத்தரிச் சத்தத்தைவிடப் பெருமூச்சுச் சத்தம் அதிகம். அவன் போயிட்டா நாம அவ்ளோதான்ணே, கீழ் டிவிஷனுக்குப் போய் மண்ணைக் கவ்வணும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வான். சொல்லி முடித்த பிறகுதான், அவன் போனால் அங்கே நிற்கப் போவது யார் மகன் என்று அவனுக்கு ஞாபகம் வரும். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, தம்பி தங்கமான பையன் என்பான். தங்கமான பையன். ஆறு வருடத்தில் ஊர் அவனுக்குக் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான். நானும் தலையாட்டுவேன், ஆமா, பூட்டு போயிடக்கூடாது என்பேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் புரட்டிவிட்டு, இன்னும் கையெழுத்துப் போடலை என்று மெல்லச் சொல்வாள், அப்போது என் வயிற்றிலும் பால் வார்த்த மாதிரி இருக்கும். கோச் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் போறது உறுதி, அடுத்த சீசன் உன்னோடது, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லியிருந்தார். அதை வந்து சொன்ன அன்று தம்பி இரண்டு தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான். நான் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றுகொண்டிருந்தேன். கடையில் ஒரு மனசு, வீட்டில் ஒரு மனசு. எது உண்மையான மனசு என்று யாராவது கேட்டிருந்தால் வீட்டு மனசுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊர்க் கிளப்பில் அவனைக் கூப்பிட்டார்கள். நீதான் முதல் கோல்கீப்பர், எல்லா மேட்சும் நீயே நில்லு என்றார்கள். மைதானத்தில் பாதிக்குப் புல் கிடையாது, பார்க்க வருகிறவர்கள் ஐநூறு பேர் இருந்தால் அதிகம். தம்பி போகிறேன் என்றான். பொறுத்தார் பூமி ஆள்வார், நம்ம பச்சைச் சட்டையை விட்டுட்டுப் போய் எந்தப் பொட்டல்ல நிக்கப் போறே என்று நான்தான் தடுத்தேன். அவன் நன்மைக்குச் சொல்வதாகத்தான் நினைத்தேன். என் டீமின் கோலில் என் மகன் நிற்பதை நான் பார்க்கவேண்டும் என்கிற என் ஆசைக்கு, அவன் நன்மை என்று பேர் வைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று சனிக்கிழமை, மேட்ச் இல்லாத நாள், கடை நிரம்பி வழிந்தது. மூன்று நாற்காலியிலும் ஆள், பெஞ்சில் ஐந்து பேர், சும்மா வாயடிக்க வந்தவர்கள் இரண்டு பேர். போஸ்ட்மேன் என் நாற்காலியில், ஒரு கன்னம் மழித்தாயிற்று, இன்னொரு கன்னத்தில் நுரை. அலமாரிமேல் இருக்கிற டிவியில் திடீரென்று கிளப்பின் ஹாலைக் காட்டினார்கள். நீள மேசை, பின்னால் பச்சைத் துணி, பூட்டும் எஞ்சினும் குட்டையனும் வரிசையாக உட்கார்ந்து பேனாவும் கையுமாக இருந்தார்கள். கடையில் ஈ பறந்தால் கேட்கும். குட்டையன் நான்கு வருடம் என்றார்கள். எஞ்சின் ஐந்து வருடம் என்றார்கள். பூட்டு கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கிச் சிரித்தான், ஆறு வருடம் என்று கீழே எழுத்து ஓடியது. அம்மாடி, அந்த நிமிஷம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடை வெடித்தது. எலக்ட்ரீஷியன் பெஞ்சுமேல் ஏறிவிட்டான். போஸ்ட்மேன் நுரையோடு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் கூவினேன். சவரக் கத்தியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஆறு வருஷம்டா, நம்ம கோலுக்கு ஆறு வருஷத்துக்குப் பூட்டு போட்டாச்சுடா என்று தொண்டை கிழியக் கூவினேன். வாடிக்கைக்காரர்களை ஒரு நாளும் டா போட்டுப் பேசாதவன் நான். எல்லார் குரலுக்கும் மேலே உங்க குரல்தான்ணே கேட்டுச்சு என்று பிற்பாடு எலக்ட்ரீஷியனே சொன்னான். அந்த நேரத்தில் எனக்கு மகன் இல்லை, மகள் இல்லை, வயது இல்லை, சர்க்கரை இல்லை. தூக்கின கையோடு திரும்பினால் எதிரே கண்ணாடி, கண்ணாடியில் வாசல், வாசலில் உன் தம்பி.

எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. பிராக்டிஸ் உடையில் இருந்தான், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என் கையை எப்படிக் கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களும் பார்த்தார்கள், ஆனால் அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வாங்க தம்பி, இனி உங்களுக்கும் கவலை விட்டுது, ஆறு வருஷம் பூட்டு இங்கதான் என்று ஒருவன் தன் பச்சை மஃப்ளரைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். தம்பி சிரித்தான். நல்ல நியூஸ்ணே என்றான். மஃப்ளரைக் கழற்றி நான்காக மடித்து, போட்டுவிட்டவன் கையிலேயே வைத்தான். பிறகு என்னிடம், குடை இங்க இருக்கான்னு பாக்க வந்தேன்பா என்றான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் மூலையிலிருந்த கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று காலை உடை மாற்றும் அறையில்தான் அவனுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. டிவியில பாத்து அப்பா ஒடிஞ்சு போயிடுவாரும்மா, அதுக்குள்ள நானே போய்ச் சொல்லிடறேன் என்று உன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு, கிளப்பிலிருந்து கடைவரைக்கும் ஓடியே வந்திருக்கிறான். அவள் சொல்லித்தான் தெரியும். என்னைத் தேற்றுவதற்கு ஓடி வந்தான் அம்மாடி.

அவன் வீட்டுக்குப் போன வழியும் அவனைச் சும்மா விடவில்லை. தெரு முழுக்க ஹார்ன் சத்தம், லாரிமேல் ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார் முதல் காய்கறிக் கடைக்காரர்வரை பச்சைக் கொடியோடு நடுரோட்டில். பஸ் டிப்போ பக்கத்தில் இவனை அடையாளம் கண்டுகொண்டு, நம்ம டீம் ஆளு என்று தோளில் தூக்கிவிட்டார்கள். பூட்டு, பூட்டு என்று அவனையும் சேர்ந்து சொல்ல வைத்தார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம். ரசிகர்கள் தோள்மேல் உன் தம்பி, கையில் மடக்கின குடை, ரசிகர்களுடன் கொண்டாடிய இரண்டாவது கோல்கீப்பர் என்று கீழே எழுதியிருந்தது. கடைக்கு வந்தவர்கள் பத்துப் பேராவது அதைக் காட்டி, என்ன மனசு பாருங்க இந்தப் பையனுக்கு என்றார்கள். ஒருவர் கத்தரித்து என் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டார். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், விட்டால் தினமும் நான் பார்க்கவேண்டும். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு வாரம் அவன் முகம் கொடுத்துத்தான் பேசினான், அதுதான் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் தட்டியிருப்பேன், அறைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது நான் பேச்சை எடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன்பா, ஏதோ வேகத்துல என்று இழுத்தேன். எதுக்குப்பா, நானும் அந்த டீமோட ரசிகன்தானே, வெளியே இருந்திருந்தா நானும் கத்தியிருப்பேன் என்றான். அப்படியே எழுந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, துடைத்துக்கொண்டே, ஒண்ணு கேக்கறேன், கோபத்துல கேக்கலை, தெரிஞ்சுக்கத்தான், எனக்காக எப்பவாவது அப்படிக் கத்தியிருக்கீங்களாப்பா என்றான். நான் வாயைத் திறந்தேன். அவன் ஆடிய நான்கு மேட்சுக்கும் நான் போனேன். நான்கிலும் ஒன்றையும் பார்க்கவில்லை. பந்து அவன் பக்கம் வந்தாலே என் கண் தானாக மூடிக்கொள்ளும், பல் கிட்டிக்கொள்ளும், பக்கத்தில் உன் மாமா, பிடிச்சிட்டான், கண்ணைத் திற மச்சான் என்று தொடையைத் தட்டுவான். பூட்டு கோட்டை விட்டால் ஒரு கோல்தான் போகும், இவன் கோட்டை விட்டால் என்ன போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் கத்துவது எங்கே. இவ்வளவும் நெஞ்சுவரை வந்தது, வார்த்தையாக வரவில்லை. உன் அம்மா என்னையே பார்த்தாள். அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, சரிப்பா என்றான். என் மௌனத்தை அவன் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டான். பிறகு இரண்டு தடவை சொல்லப் போனேன், சொல்லத் தொடங்கியதும் எனக்கே அது சமாளிப்பு மாதிரிக் கேட்டது, நிறுத்திவிட்டேன்.

இதற்கு நடுவில் பூட்டே ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். டிவியில் மலை மாதிரித் தெரிகிறவன், நம் சோபாவின் நுனியில் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன் அம்மாவிடம், போறதாத்தான்மா இருந்தேன், பெட்டிகூடக் கட்டிட்டோம், என் சின்னவளுக்கு இங்க ஸ்கூல் பழகிடுச்சு, வரமாட்டேன்னு அழுதா, அவளுக்காகத்தான் என்றான். தம்பியிடம், நீ பின்னாடி இருக்கேங்கற தைரியத்துலதான் நான் ஆறு வருஷமா நின்னேன், இது உன்னோட இடம்னு எனக்குத் தெரியும் என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது, உண்மையாகவே கலங்கியது. தம்பி அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, கேட்வரை கூடப்போய் வழியனுப்பினான். நான் அவனைத் திட்டுவதற்கு ஒரு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சொந்தக் குழந்தைக்காகத் தங்கினவனை என்ன சொல்வது. கோச்சையும் திட்ட முடியாது, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். இப்படிக் கோபப்படுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத துக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி அந்தச் சின்ன ஊர்க் கிளப்புக்குப் போனேன். செக்ரட்டரி ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். உங்க மகனை யாருக்குத் தெரியாது சார், அப்போ எவ்வளவு கேட்டோம், இப்போ இருபது வயசுல ஒருத்தன் நல்லா நிக்கறான், அவனுக்கு மூணு வருஷம் போட்டுட்டோம் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே அந்த மைதானம் தெரிந்தது. புல் போட்டிருந்தார்கள்.

அப்புறம் நம் கிளப்பிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டு, உனக்கும் நாலு வருஷம் தர்றோம், உன்னை மாதிரி ஒருத்தன் பெஞ்சில் இருந்தாத்தான் டீமுக்கு நிம்மதி என்றார்கள். கடையில் அதற்கும் ஒரு கைதட்டல். தம்பிக்கும் நாலு வருஷமாமே, அதிர்ஷ்டம்ணே என்றார்கள். அவன் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தான். பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், திரும்ப மூடினான். உக்காந்திருக்கறதுக்கு ஒப்பந்தம் கேக்கறாங்கம்மா, ஆறு வருஷம் ஒப்பந்தம் போட்டா மாதிரிதானே உக்காந்தேன், இனிமே முடியலை என்று உன் அம்மாவிடம்தான் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ஊரில் இரண்டு நாள் பேச்சு இருந்தது. கிளப் இவ்ளோ செஞ்சும் நன்றி இல்லையே என்று சிலர், பாவம் என்று சிலர், மூன்றாம் நாள் எல்லாரும் மறந்துவிட்டார்கள். போகாதே என்று அவனுக்காக எந்தச் சுவரிலும் யாரும் எழுதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறினான். நான் பெட்டியை வாங்கப் போனேன், கனமே இல்லைப்பா என்று அவனே தூக்கிக்கொண்டான். அங்கே பெட்டிக் கட்டுகளை வண்டியால் தூக்கி லாரியில் அடுக்குகிற வேலையாம். அவனுக்கு உயரத்தில் பொருளை விழாமல் பிடிக்கத் தெரியும் என்று மேற்பார்வையாளர் பாராட்டினாராம். உன் அம்மா இதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி உன் அம்மாவுக்குத் தெரியாதது. இரண்டு வாரத்துக்கு முன்னால் புது சீசனின் முதல் மேட்ச். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், உன் மாமா வந்து, நாப்பது வருஷமா ஒரு முதல் மேட்ச் விட்டதில்லையே மச்சான், வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறே என்று இழுத்துக்கொண்டு போனான். கோலுக்குப் பின்னால் நம் வழக்கமான சிமெண்டுப் படி. பூட்டு உள்ளே வந்தபோது மைதானமே எழுந்து நின்றது, ஆறு வருஷம் ஆறு வருஷம் என்று பாட்டே கட்டிவிட்டிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றேன், வாய் அசைந்தது, குரல் வரவில்லை. இருபதாவது நிமிஷமோ என்னவோ, எதிரணி ஆள் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். சோப்பு நழுவின மாதிரி ஒரு மெதுவான பந்து, குழந்தைகூடப் பிடிக்கும். பூட்டு குனிந்தான், பந்து அவன் கைக்குக் கீழே போய் வலையில் விழுந்தது. இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊமையானார்கள். அப்போது என் நெஞ்சுக்குள் ஒன்று குபீரென்று மேலே எழும்பியது. என்ன அது என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சந்தோஷம். அன்று கடையில் வந்த அதே சந்தோஷம். நம் வலையில் கோல் விழுந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் உன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான், திரும்பி என்னைப் பார்த்து, என்ன மச்சான் சிரிக்கிறே என்றான். வெயில் கண்ல அடிக்குது என்றேன். பூட்டு பந்தை எடுத்துக்கொண்டு எழுந்து, பழக்கத்தில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தம்பி எழுந்து நின்று அவனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். இப்போது அங்கே யாரோ ஒருவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த சந்தோஷம் அதோடு வடிந்துவிட்டது. ஒரு கோல் விழுந்ததால் என் மகனுக்கு என்ன வந்தது. இடைவேளையில் டாய்லெட் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். இனிமேல் அந்த மைதானத்தில் எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் எனக்கு உட்கார இடமில்லை. பிள்ளையை அந்த டீமுக்குக் கொடுத்தேன், டீமையும் இப்போது தொலைத்துவிட்டேன். கடையில் டிவியை நிறுத்திவிட்டேன், ரிப்பேர் என்று சொல்கிறேன். பொய் சொல்வது எனக்கு ரொம்பப் பழகிவிட்டது.

கண்ணு, நான்கு மேட்சிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை உன்னால் அவனிடம் சொல்ல முடியுமா பார். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லாதே, உன் மாமா உளறிவிட்டான் என்று சொல். அவன் நம்பாவிட்டால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. அப்பாவிடம் பேசு என்றும் சொல்லாதே. சின்ன வயதிலிருந்து நான் பேசு என்றால் பேசினான், பொறு என்றால் பொறுத்தான், இனி அவனுக்குத் தோன்றினதைச் செய்யட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரியில் தொடர்ந்து இரட்டை டியூட்டி எடுக்காதே, நோயாளியைப் பார்க்கிற நர்ஸுக்கு முதலில் கால் நிற்கவேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு எந்த விளையாட்டு பிடித்தாலும் விளையாடட்டும், எதுவும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. நீங்கள் மூன்று பேரும் நூறு வயது குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அடுத்த வருடம் அம்மா அங்கே வரும்போது கண்ணில் படக்கூடாது. மறக்காமல் ஒன்று. தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை, மத்தியானத்துக்குமேல் அறையில் இருப்பான், உன் நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கூப்பிடு, எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. எனக்குப் போன் வந்தால், நல்லா இருக்கேன்பா என்கிறான். நானும், சரிப்பா என்கிறேன். அதற்கு அடுத்தபடியாக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா